குளிர்காய்ச்சலும் உடலின் காவலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரிகாலத்தில் மட்டும் ஓடி மறையும் வழுக்கியாறு ஒன்றே ஆறு என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வானம் பொழியும் நீரைச் சுண்ணாம்புக் கற்பாறை உறிஞ்சித் தன்னுள் அடக்கிக்கொள்ள, மக்கள் கிணறு தோண்டி அந்நீரை இறைத்துப் பயிர் வளர்த்தனர். ஆனையிறவைக் கடந்து தெற்கே சென்றால் நிலத்தின் தோற்றம் வேறு. குளங்களும், வயல்களும், காட்டாறுகளும், அடர்ந்த காடும் நிறைந்த வன்னிப் பெருநிலம் அங்கே தொடங்குகின்றது. நெல் விளையும் அந்நிலத்தை நாடிக் குடாநாட்டு மக்கள் காலந்தோறும் சென்றனர். சென்றவர்களுள் பலர் நெல்லோடு காய்ச்சலையும் கொண்டு மீண்டனர். கொயினா மருந்து கைக்கு எட்டாத காலத்தில், மீளாதவர்களும் உண்டு.

முதலில் நடுக்கும் குளிர்; எத்தனை போர்வை போர்த்தாலும் பற்கள் ஒன்றோடொன்று மோதும். அடுத்து உடல் தீயாய்க் கொதிக்கும். பின்னர் வியர்வை பெருகி, நோயாளி சோர்ந்து உறங்குவான். மறுநாள் நோய் நீங்கியவன் போல எழுந்து நடமாடுவான். அதற்கு அடுத்த நாள், ஏறக்குறைய அதே வேளையில், மீண்டும் குளிர் வந்து பற்றும். முறை வைத்து வருவதால் இதனை முறைக்காய்ச்சல் என்றும், குளிரோடு தொடங்குவதால் குளிர்காய்ச்சல் என்றும் முன்னோர் வழங்கினர். இக்காலத்தார் மலேரியா என்பர்.

இந்நோயைப் பற்றி ஒரு செய்தி நெடுங்காலமாக மருத்துவர்களின் சிந்தனையைக் கிளறி வந்தது. நோய் நிலைத்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவன் முதற் பருவத்திலேயே படுக்கையில் வீழ்கின்றான். அதே ஊரிற் பிறந்து வளர்ந்தவனோ, அதே நுளம்பின் கடியை ஏற்றும், ஏர் பிடித்து வயலில் நிற்கின்றான். அவனுடைய குருதியைச் சோதித்தால் அதிலும் நோய்க்கிருமி சிறிதளவு இருத்தல் கூடும். எனினும் அவன் நோயாளி அல்லன். இருவர் உடலுக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? அதனைப் பெறுவதற்கு அவ்வூரான் கொடுத்த விலை யாது? அவன் பெற்ற அந்தக் காப்பு என்றென்றும் நிலைப்பதா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் கல்வியே நிர்ப்பீடனவியல் எனப்படுவது. இன்று இலங்கையில் மலேரியா இல்லை. இல்லாத நோயைப் பற்றி ஆராய்வது எதற்கு என்று எண்ணுவோர்க்கும் இக்கல்வியே விடை கூறுகின்றது.

நோய்க்கிருமியின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். 1880 ஆம் ஆண்டில் அல்சீரியாவில் பணிபுரிந்த பிரெஞ்சுப் படை மருத்துவர் இலாவரன், காய்ச்சற்காரர் ஒருவரின் குருதியில் உயிருள்ள ஒட்டுண்ணி அசைவதை நுணுக்குக்காட்டி வழியே கண்டார். பதினேழு ஆண்டுகளின் பின், 1897 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், இந்தியாவின் செகந்தராபாத்தில் உரொனால்ட் உரொஸ் என்னும் மருத்துவர் நுளம்பு ஒன்றின் வயிற்றை அறுத்துப் பார்த்து, அவ்வொட்டுண்ணி அங்கே வளர்வதைக் கண்டறிந்தார். சதுப்புநிலத்தின் கெட்ட காற்றினால் வருவது எனப் பெயர் பெற்ற நோய், அனோபிலிஸ் என்னும் நுளம்பினால் பரப்பப்படுவது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இவ்வொட்டுண்ணிக்குப் பிளாஸ்மோடியம் என்று பெயர். அதன் இனங்களுள் இரண்டே இலங்கை மக்களைப் பெரிதும் வருத்தின. ஒன்று வைவாக்ஸ், மற்றொன்று பல்சிபாரம். நுளம்பு கடிக்கும்போது, அதன் உமிழ்நீரோடு ஊசி போன்ற வடிவுடைய சில கிருமிகள் தோலினுள் இறங்குகின்றன. குருதியோட்டத்தை அடைந்ததும் அவை விரைந்து ஈரலிற் சென்று ஒளிகின்றன. அங்கே ஒருவார காலம் வரை, நோயின் அறிகுறி சிறிதும் இன்றிப் பெருகுகின்றன. இந்த மறைவிடத்தை 1948 ஆம் ஆண்டிலேதான் சோட், கார்ணம் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் கண்டனர். ஈரற் கலம் ஒன்றினுட் புகுந்த ஒரு கிருமி பல்லாயிரமாகப் பெருகி வெளிவருகின்றது. வெளிவந்தவை செங்குழியங்களைத் துளைத்து உட்புகுந்து, அங்குள்ள புரதத்தை உண்டு, மீண்டும் பிரிந்து பெருகி, நாற்பத்தெட்டு மணிநேரத்தில் அக்குழியத்தை வெடிக்கச் செய்து வெளியேறி, புதிய செங்குழியங்களைத் தேடுகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருவதன் காரணம் இதுவே. இலட்சோப இலட்சம் குழியங்கள் ஒரே வேளையில் வெடிக்கும் கணமே நோயாளிக்குக் குளிர் நடுக்கம் தோன்றும் வேளை.

ஆயினும் குழியம் வெடித்தலே காய்ச்சலை நேராக உண்டாக்குவது அன்று. இதனைத் தெளிவாக்கிய ஆய்வுகளுட் சில இலங்கையிலேயே நடந்தன என்பது பலரும் அறியாதது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை கமினி மெண்டிஸ் அவர்களின் தலைமையில் இயங்கிய ஆய்வாளர் குழு, வைவாக்ஸ் காய்ச்சல் கண்ட நோயாளரின் குருதியை, குளிர் தொடங்கும் வேளையிலிருந்து வியர்வை பெருகும் வேளை வரை அடுத்தடுத்துச் சோதித்தது. நதீரா கருணவீர அவர்களும் மற்றையோரும் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்வாய்வின்படி, உடலின் வெண்குழியங்கள் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு, உடல் வெப்பம் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கிற்று. செங்குழியம் வெடிக்கும்போது சிதறும் நச்சுப்பொருளைக் கண்டு உடலின் காவற்படை எழுப்பும் கூக்குரலே அப்புரதம். ஆகவே காய்ச்சலை மூட்டுவது கிருமி மட்டும் அன்று. கிருமியை எதிர்த்து எழும் உடலும் அதில் பங்கு கொள்கின்றது. கள்வனைத் துரத்தும் காவலர் வீட்டுப் பாத்திரங்களையும் உடைப்பது போன்றது இது.

நோய் நிலைத்த ஊரிலே பிறந்தவன் பெறும் முதற் காப்பு இதனோடு தொடர்புடையது. அவனுடைய உடல் அந்நச்சுப்பொருளுக்குப் பழகிவிடுகின்றது. கிருமி உள்ளே இருந்தும் பெருங் கூக்குரல் எழுவதில்லை. ஆதலால், புதியவனைக் கிடத்திவிடும் அளவு கிருமி அவனுடைய குருதியில் இருந்தும் அவன் நடமாடுகின்றான்.

இரண்டாவது காப்பு கிருமியையே தாக்குவது. உடலினுட் புகும் பிறபொருள் ஒவ்வொன்றையும் அடையாளங் கண்டு, அதற்கென்றே பொருந்தும் புரதங்களை வெண்குழியங்கள் ஆக்குகின்றன. இவை பிறபொருளெதிரிகள் எனப்படும். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல இவை கிருமியின் மேற்பரப்பிற் சென்று பொருந்தி, அது செங்குழியத்தினுள் நுழைவதைத் தடுக்கின்றன. கிருமியை விழுங்கும் வெண்குழியங்களுக்கு வழியும் காட்டுகின்றன. மலேரியாவில் இவற்றின் ஆற்றலை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது 1961 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு. மேற்கு ஆபிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில், பலமுறை நோயுற்று வலிமை பெற்ற வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிறபொருளெதிரிகள் அடங்கிய புரதப்பகுதியைப் பிரித்தெடுத்து, மலேரியாவால் வருந்திய குழந்தைகளுக்குக் கோகன், மக்கிரெகர் முதலிய மருத்துவர்கள் ஊசி மூலம் ஏற்றினர். சில நாள்களில் குழந்தைகளின் குருதியிலிருந்த கிருமிகளின் தொகை பெரிதும் குறைந்தது. வளர்ந்தோரின் உடல் ஆண்டுக்கணக்கில் துன்புற்றுத் தேடிய செல்வம், குழந்தைக்கு ஒருசில ஊசிகளிற் கைமாறியது.

இவ்வளவு வலிய படை இருந்தும், அம்மை ஒருமுறை கண்டவர்க்கு மீண்டும் வாராமை போல மலேரியாவும் ஏன் வாராதொழியவில்லை? கிருமியின் சூழ்ச்சியே காரணம். அது ஈரலிலும் செங்குழியத்திலும் ஒளிந்திருந்து வாழ்கின்றது. வெளியே தோன்றும் நேரம் மிகக் குறைவு. பல்சிபாரம் இனமோ, தான் குடியிருக்கும் செங்குழியத்தின் மேற்பரப்பில் ஒருவகைப் புரதத்தை வெளிக்காட்டி, அதனாற் குருதிக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றது. மூளையின் நுண்குழாய்களில் இவ்வாறு அடைபடுவதே உயிருக்கு இறுதியாவது. அப்புரதத்துக்கு உடல் எதிர்ப்பொருள் ஆக்கி முடிப்பதற்குள், கிருமி அதனைக் களைந்து வேறொன்றை அணிந்துகொள்கின்றது. அதனிடம் அத்தகைய மாற்றுடைகள் ஏறத்தாழ அறுபது உண்டு. வைவாக்ஸ் இனத்தின் சூழ்ச்சி வேறு. அதன் கிருமிகளுட் சில ஈரலிலேயே உறங்கிக் கிடந்து, பல திங்கள் கழித்து, சிலவேளை ஆண்டு கடந்தும், விழித்தெழுகின்றன. வன்னியை விட்டுக் குடாநாட்டிற்கு மீண்டு, நுளம்புக் கடியே இன்றி இருந்தவர்க்கும் அடுத்த ஆண்டு காய்ச்சல் திரும்பியதன் பொருள் இதுவே.

கிருமியின் மேற்பரப்புப் புரதங்களில் மற்றுமோர் இயல்பு உண்டு. அவற்றின் அமைப்பில் ஒரு சிறு பகுதி திரும்பத் திரும்ப அடுக்கி வருகின்றது. உடலின் காவற்படை இந்த அடுக்கின்மேலேயே தன் வலிமையைச் செலவிட, கிருமி உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத பகுதிகள் தாக்குதலுக்குத் தப்புகின்றன என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. இலங்கையில் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர் பேராசிரியர் இரஞ்சன் இராமசாமி. கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்தில் பணியாற்றிய காலத்தில், ஒட்டுண்ணி உடலின் காவலை ஏய்க்கும் வழிகளை அவர் ஆராய்ந்தார். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அறிஞர்களோடு இணைந்து குடாநாட்டின் நுளம்புகளைப் பற்றிய ஆய்வுகளிலும் அவர் ஈடுபட்டார்.

கொழும்புக் குழுவின் மற்றோர் ஆய்வு உலக அறிஞரின் கவனத்தைக் கவர்ந்தது. காய்ச்சலை உண்டாக்கும் கிருமி வேறு. நுளம்பினுட் சென்று அடுத்தவருக்குப் பரவும் ஆண், பெண் வடிவங்கள் வேறு. வைவாக்ஸ் நோயாளர் சிலரின் குருதியில் இப்பரவும் வடிவங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன என்பதைக் கமினி மெண்டிசும், இரிச்சட் காட்டரும், அவர்தம் உடனாய்வாளரும் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தகைய குருதியை உண்ட நுளம்பின் வயிற்றிற் கிருமி வளரவில்லை. நுளம்பு குருதியோடு பிறபொருளெதிரியையும் சேர்த்து உறிஞ்சுவதால், மனித உடலின் காவல் நுளம்பின் வயிற்றிலும் தொடர்ந்து போராடுகின்றது! இக்காப்பு அக்குருதிக்கு உரியவரைக் காப்பதில்லை. அவருடைய அயலவரைக் காக்கின்றது. ஆனால் இதுவும் நிலையானது அன்று. சில திங்கள் இடைவெளியில் மீண்டும் நோயுற்றவரிடமே இது வலிமை பெறுகின்றது. இடைவெளி நீண்டால் உடல் அதனை மறக்கின்றது. பிறபொருளெதிரி மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது, தடுப்பதற்கு மாறாகக் கிருமியின் வளர்ச்சிக்குத் துணை செய்தலும் உண்டு என அவர்கள் கண்டனர்.

'இடைவெளி நீண்டால் உடல் மறக்கும்' என்னும் இவ்வுண்மைதான் இலங்கையின் மலேரியா வரலாற்றைத் திறக்கும் சாவி. 1934 ஆம் ஆண்டில் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் வற்றி, மணற் படுகையில் சிறுசிறு குட்டைகளாயின. ஓடும் நீரில் வாழ முடியாத அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு அக்குட்டைகளில் அளவிறந்து பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட கொள்ளைநோய் மறு ஆண்டிலும் தொடர்ந்து, ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டது. கேகாலை, குருநாகல் பகுதிகள் மிகுந்த அழிவைக் கண்டன. வியத்தற்குரியது யாதெனில், காய்ச்சலுக்குப் பேர்போன வடக்கு, கிழக்கு உலர்வலயம் அந்த அளவு அழிவைக் காணவில்லை. உலர்வலயத்து மக்களின் உடல் ஆண்டுதோறும் கிருமியைக் கண்டு பயின்றிருந்தது. ஈரவலயத்து மக்களின் உடலுக்கோ அக்கிருமி அந்நியம். செழிப்பான நிலத்தில் நோயின்றி வாழ்ந்தமையே, நோய் வந்தபோது அவர்களைக் கையற்றவர்களாக்கியது.

இதனைக் கொண்டு, உலர்வலயத்தவர் பேறு பெற்றவர் என எண்ணுதல் பெரும் பிழையாகும். அந்தக் காப்பின் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். பிறந்து சில ஆண்டுகளுக்குள் பலமுறை காய்ச்சலுற்று, அவற்றைத் தாண்டி உயிர் பிழைத்தவர்களே வலிமை பெற்ற வளர்ந்தோர் ஆயினர். தாண்டாதோர் எத்தனையோ பேர். பிழைத்தோரும் குருதிச் சோகையால் வெளிறி, மண்ணீரல் வீங்கி வயிறு பருத்திருந்தனர். சிதைந்த செங்குழியங்களை வடிகட்டி அகற்றும் உறுப்பு மண்ணீரல் ஆதலால், ஓயாத வேலையால் அது பருத்துப் போகும். ஓர் ஊரின் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றின் இடப்பக்கத்தைக் கையால் தடவி, எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகின்றது என எண்ணியே அந்நாளைய மருத்துவர் அவ்வூரின் மலேரியா நிலையை அளந்தனர். தென்னிலங்கையின் கதிர்காமப் பகுதியில் பின்னாளில் நடந்த ஆய்வு மற்றோர் உண்மையையும் காட்டிற்று. கல்வீட்டில் வாழ்ந்தோரினும், மண்சுவரும் ஓலைக்கூரையும் உடைய வீட்டில் வாழ்ந்தோரையே மலேரியா மிகுதியாகத் தாக்கியது. நுளம்பு மாலையிற் புகுந்து மறைந்திருக்க அவ்வீட்டில் இடம் மிகுதி. உடலின் காவல் எத்துணை நுட்பமானதாயினும், வீட்டின் சுவருக்கும் கூரைக்கும் அதனோடு தொடர்பு உண்டு.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் டீ.டீ.ரீ. மருந்து வந்தது. வீட்டுச் சுவரிற் பூசிய மருந்தின்மேல் குருதி உண்ட நுளம்பு வந்து தங்கி மடிந்தது. ஆண்டுக்குப் பல இலட்சமாக இருந்த நோயாளர் தொகை விரைந்து சரிந்தது. வன்னியிற் குடியேற்றங்கள் பெருகின, காடு வயலாயிற்று. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் பதினேழு பேர் மட்டுமே! பகை ஒழிந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். மருந்து தெளித்தல் தளர்ந்தது. குருதி சோதிக்கும் ஊக்கமும் குறைந்தது. 1967 ஆம் ஆண்டில் மீண்டும் தலைகாட்டிய நோய், 1969 ஆம் ஆண்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. அந்த இடைக்காலத்திற் பிறந்த குழந்தைகளின் உடல் கிருமியைக் கண்டதே இல்லை. முன்பு வலிமை பெற்றிருந்த பெற்றோரின் உடலும் பயிற்சியை மறந்திருந்தது. நுளம்புகளோ டீ.டீ.ரீ. மருந்தைத் தாங்கப் பழகியிருந்தன. 1977 ஆம் ஆண்டிலிருந்து அதற்கு மாறாக மலத்தியன் என்னும் மருந்தைத் தெளிக்க வேண்டியதாயிற்று.

பின்னர் போர்க்காலம் வந்தது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரை விட்டுப் பெயர்ந்து, தென்மராட்சிக்கும் அங்கிருந்து பலர் வன்னிக்கும் சென்றனர். மரநிழலிலும் படங்கின் கீழும் தங்கிய அவர்களுட் பெரும்பாலோர் மலேரியாவை எதிர்க்கும் வலிமை அற்றவர். முன்னாளிற் குடிபெயர்ந்த உழவரைப் பற்றிய அதே காய்ச்சல் அவர்களையும் பற்றியது. மீண்டோரோடு அது குடாநாட்டிற்கும் வந்தது. 2000 ஆம் ஆண்டில் நாட்டில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவாகினர். அவர்களுட் பெரும்பாலோர் போர் நடந்த மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அந்நிலையிலும் நுளம்பு வலைகளும் மருந்தும் எல்லை கடந்து சென்றன. குருதியைத் துளியாகக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சோதிக்கும் ஊழியர், குண்டுவீச்சுக்கு இடையிலும் தம் பணியைக் கைவிடவில்லை. அவர்களின் உழைப்பால் நோய் படிப்படியாக அடங்கியது. உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஆம் ஆண்டு ஒற்றோபர்த் திங்களிற் காணப்பட்டார். 2016 ஆம் ஆண்டு செத்தெம்பர் 5 ஆம் நாள், இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

அந்த மகிழ்ச்சி அடங்குமுன், அதே ஆண்டின் இறுதியில், மன்னார்த் தீவில் ஒரு புதிய விருந்தாளி காணப்பட்டது. அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் அந்நுளம்பு அதற்கு முன் இலங்கையில் அறியப்படாதது. சென்னை முதலிய இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. பின்னர் அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளிலும் காணப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற்றுறைப் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரனும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராய்ந்து, அது தென்னிந்தியாவிலிருந்து வந்திருத்தல் கூடும் எனவும், பூச்சிகொல்லிகள் பலவற்றைத் தாங்கும் வலிமை உடையது எனவும் கண்டனர்.

இதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய குலிசிபேசிஸ் நுளம்பு ஆற்றுப்படுகைக் குட்டைகளை மிகவும் விரும்புவது. ஆறில்லாத குடாநாட்டில் அதற்கு வாய்ப்புக் குறைவு. அது ஒருவகையில் இயற்கை அளித்த அரண். ஸ்ரெபென்சியோ நகரத்து நுளம்பு. கிணறும், வீட்டுக்கூரையின்மேல் உள்ள நீர்த்தாங்கியும், கட்டடவேலைக்குத் தேக்கிய நீருமே அதற்குப் போதும். மக்கள் உயிர் வாழ உதவிய அதே கிணறு அதற்கும் தொட்டிலாகின்றது. போரினால் மக்கள் பெயர்ந்து சென்ற வளவுகளில், இறைப்பாரற்றுப் பாழடைந்த கிணறுகளும் உண்டு. ஆபிரிக்காவின் யிபூட்டி நாட்டின் கதை ஓர் எச்சரிக்கை. மலேரியாவை ஏறக்குறைய ஒழித்திருந்த அந்நாட்டில், 2012 ஆம் ஆண்டில் இதே நுளம்பு முதன்முதலாகக் காணப்பட்டது. அவ்வாண்டில் நோயாளர் 27 பேர். 2020 ஆம் ஆண்டில் அத்தொகை எழுபதாயிரத்தைத் தாண்டியது.

நுளம்பு மட்டும் இருந்தால் நோய் வாராது, கிருமியும் வேண்டும். கிருமியோ வெளிநாடு சென்று மீள்வோரின் குருதியில் ஆண்டுதோறும் இந்நாட்டுக்கு வருகின்றது. நுளம்பும் கிருமியும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவதாக நிற்பது மனித உடல். அவ்வுடலின் நிலை யாது? குடாநாட்டின் இன்றைய பள்ளிப் பிள்ளைகளுள் எவரும் மலேரியாவை அறியார். அவர்களுடைய உடலில் அதனை எதிர்க்கும் பிறபொருளெதிரி இல்லை. 1934 ஆம் ஆண்டில் கேகாலையின் மக்கள் எந்நிலையில் இருந்தார்களோ, அந்நிலையிலேயே அவர்கள் இருக்கின்றனர். அவர்தம் பாட்டன்மார் உடலில் இருந்த வலிமை வழிவழியாக இறங்கி வருவது அன்று. தாயிடமிருந்து பெறும் பிறபொருளெதிரி குழந்தையைக் காப்பதும் சில திங்கள் வரையிலேயே. இந்த வலிமையின்மை வருந்தத்தக்கது அன்று. குழந்தைகள் நோயின்றி வளர்வதன் அடையாளமே அது. ஆனால், உடல் காவாத இடத்தை அறிவு காத்தல் வேண்டும்.

தடுப்பூசி இருக்கின்றதே என்று கேட்கலாம். உண்மையே. நுளம்பின் உமிழ்நீரோடு வரும் ஊசிவடிவக் கிருமியின் மேற்பரப்புப் புரதத்தின் ஒரு பகுதியைக் கொண்டு ஆக்கிய இரண்டு தடுப்பூசிகளை, 2021 ஆம் ஆண்டிலும் 2023 ஆம் ஆண்டிலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பின்னையதை இந்தியாவின் பூனா நகரத்து நிறுவனம் ஒன்று பெருந்தொகையாக ஆக்குகின்றது. ஈரலை அடையுமுன்னே கிருமியை மறிப்பது இவற்றின் நோக்கம். ஆனால் இவை பல்சிபாரம் இனத்துக்கு எதிரானவை. ஆபிரிக்கக் குழந்தைகளின் உயிரைக் காப்பதற்காக முதன்மையாக வகுக்கப்பட்டவை. அவை அளிக்கும் காப்பும் முழுமையானது அன்று. காலப்போக்கில் தேய்வதால் மேலும் ஓர் ஊசி வேண்டப்படுகின்றது. வைவாக்ஸ் இனத்துக்கு ஏற்புப் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. நுளம்பின் வயிற்றிலேயே கிருமியைத் தடுக்கும் மருந்து ஒன்றை ஆக்கும் முயற்சி இன்றும் பல நாடுகளில் நடைபெறுகின்றது. கொழும்பில் நோயாளரின் குருதியிற் கண்ட உண்மை அம்முயற்சிக்குத் துணைநிற்கும் சான்றுகளுள் ஒன்று.

அதுவரையில் குடாநாட்டு மக்கள் செய்யக்கூடியவை எளியவை. நீர்த்தாங்கியை இடுக்கின்றி மூடுதல். கிணற்றுக்கு வலை இடுதல். பயன்படாத கிணற்றைத் தூர்த்தல் அல்லது நுளம்புக் குடம்பியை உண்ணும் சிறு மீன்களை அதில் விடுதல். மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்பவர் புறப்படுமுன் தடுப்பு மாத்திரை பெற்று உட்கொள்ளுதல் வேண்டும். அங்கிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், அது சில திங்கள் கழித்துக் கண்டாலும், சென்ற நாட்டின் பெயரை மருத்துவரிடம் மறவாது கூறிக் குருதியைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். இளம் மருத்துவருட் பலர் மலேரியா நோயாளரை நேரிற் கண்டிராதவர். நோயாளி கூறும் அந்த ஒரு சொல்லே அவருக்கு வழிகாட்டும். ஈரலில் உறங்கும் வைவாக்ஸ் கிருமியை ஒழிக்கும் மாத்திரையை, காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிடாது, மருத்துவர் கூறிய நாள்கள் முழுவதும் உட்கொள்ளுதல் வேண்டும்.

முன்னொரு காலத்தில் வன்னியின் உழவன் தன் உடலிலே காவலைத் தாங்கி நின்றான். அக்காவலுக்காக அவன் தன் பிள்ளைகளுட் சிலரைப் பலி கொடுத்தான். இன்று அந்தக் காவல், நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருக்கும் ஊழியரிடமும், கிணற்று நீரை அள்ளிக் குடம்பி உளதோ எனப் பார்க்கும் மாணவரிடமும், தன் வளவிலுள்ள நீர்த்தாங்கியை மூடிவைக்கும் இல்லத்தவரிடமும் இருக்கின்றது. 1963 ஆம் ஆண்டின் பதினேழு நோயாளர் ஆறே ஆண்டுகளில் ஐந்து இலட்சமாயினர். அக்கணக்கை மறவாதவரையில், குடாநாட்டின் குழந்தைகள் அக்குளிரின் நடுக்கத்தை அறியாமலே வளர்வர்.